ஈயமில்லாப் பென்சில்

ஹீத்ரோ விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் கால் கடுக்க நின்ற கஸ்பரை அண்ணாந்து பார்த்து, அவன் பெற்ற மகள் முதன்முதலாகக் கேட்டது இதுதான்:

"நீங்கதானே சித்தப்பா?"

1992ஆம் ஆண்டு செப்டெம்பர். கத்தரினுக்கு ஏழு வயது. அவள் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே கஸ்பர் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தான். அன்றுதான் மகளை முதல் தடவையாகக் கண்ணால் காண்கிறான். பக்கத்தில் நின்ற றோஸ்மலர், அவன் மனைவி, ட்ரொலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"ஓம் குஞ்சு. நான்தான் சித்தப்பா."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெட்டியில் பாரம் இல்லை. ஆனாலும் மூச்சு வாங்கியது.

பெற்ற தகப்பன் எப்படிச் சித்தப்பா ஆனான் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மன்னார்த் தீவில் பேசாலை. 1984ஆம் ஆண்டு கடைசியில், கஸ்பரின் தம்பி கிறிஸ்துராஜா கடலுக்குப் போனவன் வரவில்லை. படகு மட்டும் சூட்டுத் துளைகளோடு மிதந்து வந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் மரணப் பதிவும் இல்லை. இரண்டு மாதத்தில் கஸ்பர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் இறங்கி, கடைசியில் நியூரம்பேர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே வேலை செய்யக் கூடாது, ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. பொழுது போகாது. புதன்கிழமைகளில் மட்டும் ஹில்டே என்ற தபால்காரி, தன் வேலை முடிந்ததும், மஞ்சள் சைக்கிளில் வந்து மொழி சொல்லிக்கொடுப்பாள். சொற்களை, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பது போல இரண்டாகப் பிரித்துக் காட்டுவது அவள் வழக்கம். கையுறைக்கு அவர்கள் மொழியில் 'கைச்சப்பாத்து' என்று பெயர் என்றபோது விடுதியே சிரித்தது.

ஒருநாள் ஆளுக்கொரு பென்சில் கொடுத்தாள். அதன் முதுகில் பொன்னெழுத்தில் ஒரு சொல். பிளைஷ்டிஃப்ட்.

பிளை என்றால் ஈயம். ஷ்டிஃப்ட் என்றால் சின்ன முளை, குச்சி. ஆக, ஈயக்குச்சி. நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மலையடிவாரத்தில் கறுப்புக் கட்டி ஒன்று கிடைத்ததாம். தேய்த்தால் கோடு விழுந்தது. ஈயத்தில் இதுவும் ஒரு சாதி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். இருநூறு வருடம் கழித்து இரசாயனம் படித்த ஒருவர் சோதித்துப் பார்த்தால், அதில் ஈயம் மருந்துக்கும் இல்லை. அது கரியின் ஒரு வடிவம். ஆனால் அதற்குள் பெயர் ஊறிவிட்டது.

கஸ்பருக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் புத்தகத்தில் 'இலங்கையின் கனிப்பொருள் காரீயம்' என்று அவனும் பாடமாக்கியவன்தான். பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அங்கேயும் அதே பிழை.

"பிறகும் ஏன் பேரை மாற்றவில்லை?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டான்.

ஹில்டே தோளைக் குலுக்கினாள். "எழுதுகிறதே. போதாதா?"

இரண்டு வருடத்தில் அவன் மனு நிராகரிக்கப்பட்டது. 1988 தையில், ஏஜென்ட் ஒருவனின் புண்ணியத்தில் லண்டனுக்கு வந்தான். சட்டைப் பையில் அந்தப் பென்சில் இருந்தது.

"ஜெர்மனியில கைநாட்டு வைச்ச பேர் இஞ்ச சரிவராது அண்ணை. கண்டுபிடிச்சாங்களெண்டால் அடுத்த பிளேன்ல திருப்பி ஏத்திப்போடுவாங்கள்" என்றான் ஏஜென்ட். "தம்பியாருக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கெல்லோ? அவர் செத்ததுக்குப் பதிவில்லையெல்லோ? பிறகென்ன? இண்டையிலயிருந்து நீங்க கிறிஸ்துராஜா."

குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்தில், கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்று தம்பியின் பெயரைச் சொன்னான். சகோதரர்கள்? ஒருவர். பெயர்? கஸ்பர். எங்கே இருக்கிறார்? சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கடலில்.

தான் செத்த செய்தியைத் தன் வாயாலேயே சொன்னான். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி ஒரு நிமிடம் எழுதுவதை நிறுத்தி, "வருந்துகிறேன்" என்றார்.

தற்காலிக விசா கிடைத்தது. ஆனால் கிறிஸ்துராஜா கலியாணம் ஆகாதவன். அவன் எப்படி மனைவியைக் கூப்பிடுவது? வழி ஒன்றுதான் இருந்தது. ஊரில் காசு கொடுத்துக் கஸ்பருக்கு மரணப் பத்திரம் எடுத்தார்கள். றோஸ்மலர் விதவையானாள். 1991இல் அவள் பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, கொழும்பு வழியாகத் திருச்சிக்குப் போய், அங்கே வந்த கஸ்பரைப் பதிவுத் திருமணம் செய்தாள். கட்டின புருசனையே, அவன் தம்பி பெயரில், இரண்டாந்தரம்.

"கோயிலிலயும் செய்யுங்கோவன்" என்று சாட்சிக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

"பதிவுக் கந்தோரில பொய் சொல்லுவன். பீடத்துக்கு முன்னால நிண்டு சொல்லமாட்டன்" என்றாள் றோஸ்மலர்.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல முடியுமா? தாயும் மகளும் ஒதுங்கியிருந்த அகதி முகாமில் ஆயிரம் காதுகள். தூதரகத்தில் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்பார்களாம். அதனால் நினைவு தெரிந்த நாளிலிருந்தே கத்தரினுக்குச் சொன்னது, 'அப்பா செத்துப்போனார்' என்பதுதான். அப்பாவின் படம் என்று காட்டியதும் கஸ்பரின் படத்தை அல்ல. லண்டனில் உயிரோடிருக்கும் மனிதனின் முகத்தை மாலை போட்டு மாட்ட முடியாதே. மாட்டியது தம்பியின் படம். சுருட்டை முடி, ஒரு பக்கம் சரிந்த சிரிப்பு, இருபத்திரண்டு வயது.

அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் கத்தரின் லண்டனுக்குப் பறந்து வந்தாள்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. வந்த அன்றே கத்தரின் படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, இதுதான் எங்கட புது வீடு" என்று சுற்றிக் காட்டினாள். கஸ்பர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிரந்தர விசா வரட்டும்" என்றாள் றோஸ்மலர் சமையலறையில், குரலைத் தாழ்த்தி. "மூண்டு வருசம்தானே. அது வந்தவுடன சொல்லுவம். இப்ப சொன்னா பள்ளிக்கூடத்தில சிஸ்டரிட்டப் போய்ச் சொல்லிப்போடும்."

"மூண்டு வருசம்" என்றான் கஸ்பர்.

"ஏழு வருசம் இருந்தனீங்கள்தானே."

"அப்ப அவளின்ர குரலைக் கேக்கேல்லை, மலர். இப்ப நாளுக்கு நாப்பது தரம் கேக்குது. சித்தப்பா, சித்தப்பா எண்டு."

லண்டனில் இந்த உண்மை தெரிந்த ஒரே வெளியாள் யோகராஜா. கஸ்பரோடு பெற்றோல் நிலையத்தில் வேலை பார்ப்பவன், யாழ்ப்பாணத்தான், வாய் சும்மா இராது.

"என்னடா மச்சான், செத்த மனிசன் ஷிப்டுக்குப் பிந்தி வாறாய்?"

"பஸ் வரேல்லையடா."

"பேய்க்கு என்னத்துக்கடா பஸ்?" என்று சிரிப்பான். பிறகு கஸ்பரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரை அவன் பக்கம் தள்ளுவான். "விடு. சின்னப்பிள்ளைதானே. உண்மையைச் சொன்ன அண்டைக்கு ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் பார்."

கஸ்பரும் அதையே நம்பினான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அதற்காக அவன் எதையும் பொறுத்துக்கொண்டான்.

கார்த்திகை, அதாவது நவம்பர் மாதம், பிறந்தால் கோயிலில் ஒரு கடதாசி கொடுப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அதில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீடத்துக்கு முன்னால் பெட்டியில் போட வேண்டும். மாதம் முழுக்க அந்த ஆத்துமாக்களுக்காகப் பூசை. கத்தரின் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'கஸ்பர் – அப்பா.' கவரைக் கொண்டுபோய்ப் போட்டது கஸ்பர்தான். பெட்டிக்குப் பொறுப்பாக நின்ற செபமாலைமுத்து அண்ணை, "என்ன கிறிஸ்து, தமையனுக்கோ?" என்று முதுகில் தட்டினார். "ஓம் அண்ணை" என்று சொல்லி, தன் ஆத்துமாவைத் தானே உள்ளே போட்டுவிட்டு வந்து முழந்தாளிட்டான்.

தம்பியின் பெயரை எந்தக் கடதாசியிலும் யாரும் எழுதவில்லை. எழுத முடியாது. அவன்தான் லண்டனில் உயிரோடு இருக்கிறானே.

கத்தரினுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு சனிக்கிழமை, மேசை லாச்சியைக் கிளறி அந்தப் பென்சிலை எடுத்துவிட்டாள்.

"சித்தப்பா, இதென்ன சொல்லு? இங்கிலிஷ் இல்லையே."

கஸ்பருக்கு வாய் நிற்கவில்லை. மகள் கேட்டுவிட்டாள். பிளை என்றான், ஷ்டிஃப்ட் என்றான். மலையடிவாரத்துக் கறுப்புக் கட்டியையும் இரசாயனம் படித்தவரையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"அப்ப இதுக்குள்ள ஈயமே இல்லையா?"

"ஒரு துளியும் இல்லை."

"இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் மாத்தேல்லை?" கத்தரினுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "பிழையெண்டு தெரிஞ்சா மாத்தோணுமெல்லோ! எங்கட டீச்சரெண்டால் சிவப்பால வெட்டுவா."

கஸ்பர் அவளையே பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் நெஞ்சுக்குள் ஒரு தெம்பு வந்தது. பிழையென்று தெரிந்தால் மாற்ற வேண்டும். சொன்னது அவன் மகள்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்? ஜெர்மனிக்குப் போனனீங்களா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இல்லை குஞ்சு. ஒரு சினேகிதன் தந்தது."

"நான் வைச்சிருக்கட்டா?"

"வைச்சிரு."

அவள் அந்தப் பென்சிலால் என்ன எழுதுகிறாள் என்று இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. கட்டிலில் விரித்தபடி ஒரு கொப்பி கிடந்தது. அடுத்தவர் கொப்பியைப் பார்ப்பது பிழை என்று தெரியும். பார்த்தான்.

'அன்புள்ள அப்பா, நான் சுகம். நேற்று முழுக்க மழை. சித்தப்பா எனக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்தார். அவர் நல்லவர். ஆனால் ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் இடத்தை நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன்.'

கொப்பியை இருந்தபடியே வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான். றோஸ்மலர் கதவைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை.

1995 மாசியில் குரோய்டனிலிருந்து கடிதம் வந்தது. நிரந்தர விசாவுக்கு நேர்முகம். மூவரும் வர வேண்டும்.

மொழிபெயர்ப்பாளராக வந்தவர் ஹரோவில் இருக்கும் பத்மநாதன். கழுத்துப்பட்டி கட்டிய, ஓய்வுபெற்ற கணக்காளர். அதிகாரி ஓர் இளம் பெண். கேள்விகள் அமைதியாகத்தான் போயின. பாதி வழியில் அந்தப் பெண்ணின் பேனை எழுத மறுத்தது. இரண்டு தரம் உதறினாள். உடனே கத்தரின் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள்.

கஸ்பரின் முதுகு வியர்வையில் சட்டையோடு ஒட்டியது. பொன்னெழுத்து மேலே தெரிந்தது. ஜெர்மனியில் இருந்ததே இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் அவன்.

"ஜெர்மன் பென்சிலா? நல்லா எழுதும்" என்றாள் அதிகாரி. எழுதினாள். பிறகு சிரித்துக்கொண்டே கத்தரினிடம் குனிந்தாள். "இவர் உனக்கு யாரம்மா?"

"மை அங்கிள்" என்றாள் கத்தரின். "என் அப்பா பரலோகத்தில் இருக்கிறார். பார்க்கிறீர்களா?"

பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கண்ணாடியில் தூசி இருந்ததோ என்னவோ, சட்டைக் கையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, முகம் அதிகாரிக்குத் தெரியும்படி திருப்பினாள்.

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குரலில் பொய் இல்லை. இருந்தால்தானே தெரியும். அதிகாரி கோப்பை மூடினாள்.

வெளியே வந்ததும் பத்மநாதன் கஸ்பரின் கையைப் பிடித்தார். "தம்பி, உங்களுக்கு விசா வந்திட்டுது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இந்தப் பிள்ளையைப் பாத்த பிறகு ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்?"

"ஓம் ஐயா" என்றான் கஸ்பர். பஸ்ஸில் கத்தரின் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். படம் அவள் மடியில் இருந்தது. தம்பி அவனைப் பார்த்துச் சரிந்த சிரிப்புச் சிரித்தான்.

பங்குனிக் கடைசியில் முத்திரை குத்திய பாஸ்போட் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, றோஸ்மலர் மீன் சொதியும் இடியப்பமும் வைத்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கஸ்பர் புதுச்சேட்டுப் போட்டிருந்தான்.

"குஞ்சு, அந்தப் பென்சிலைக் கொண்டா" என்றான்.

கொண்டுவந்தாள். பாதி தேய்ந்திருந்தது.

"ஈயக் கதை ஞாபகமிருக்கா? பிழையெண்டு தெரிஞ்சா மாத்தோணுமெண்டு நீ சொன்னனீ."

"ஓம்."

"அது மாதிரி இஞ்சயும் ஒரு பிழை நடந்தது. வேணுமெண்டு செய்யேல்லை. உயிரோட இருக்கிறதுக்காகச் செய்தது." "என்ர பேர் கிறிஸ்துராஜா இல்லை. நான்தான் கஸ்பர். நான்தான் உன்ர அப்பா."

கத்தரின் தாயைப் பார்த்தாள். றோஸ்மலர் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"பகிடியா?"

"இல்லையடி செல்லம்" என்றாள் றோஸ்மலர். "சத்தியமா இவர்தான் அப்பா."

பத்து வயதாகப்போகும் பிள்ளை எழுந்து அறைக்குப் போனாள். ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் என்று யோகராஜா சொன்னானே. கஸ்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையைக் கொஞ்சம் விரித்துக்கூட வைத்திருந்தான். அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் படம், மறு கையில் கொப்பி.

"அப்ப இவர் ஆர்?"

"அவன் உன்ர சித்தப்பா. என்ர தம்பி. கடலில செத்தது அவன்தான்."

"அப்ப இதெல்லாம் நான் ஆருக்கு எழுதினனான்?"

"எனக்குத்தான் குஞ்சு. அப்பாவுக்கெண்டுதானே எழுதினனீ."

கத்தரின் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இல்லை. நான் இவருக்குத்தான் எழுதினனான்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் அவனை அப்பா என்றும் கூப்பிடவில்லை, சித்தப்பா என்றும் கூப்பிடவில்லை. "சாப்பாடு ஆறுதாம்" என்பாள். "கடிதம் வந்திருக்கு" என்பாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கூப்பிடுவது மட்டும் இல்லை. நாளுக்கு நாற்பது தரம் கேட்டு அலுத்த 'சித்தப்பா'வை ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது கஸ்பருக்கு.

"கொஞ்ச நாள் விடுங்கோ, இஞ்சருங்கோ" என்றாள் றோஸ்மலர். "பத்து வருசமா நாங்கள் சொல்லிக்குடுத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில மறக்கச் சொன்னா எப்பிடி?"

யோகராஜா ஒன்றும் கேட்கவில்லை. கஸ்பரின் முகமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவன் பேய்ப் பகிடி விடவே இல்லை.

அந்த வருடக் கார்த்திகையும் வந்தது. பூசைக்கு முன், கோயிலின் கடைசி வாங்கில் மூவரும் அமர்ந்திருந்தார்கள். கத்தரின் மடியில் இறந்தோர் கடதாசி. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். விரல் நீளம்கூட இல்லை. பொன்னெழுத்தில் முதல் பாதி சீவலோடு போய், கடைசி நாலைந்து எழுத்துகள்தான் மிஞ்சியிருந்தன.

கஸ்பர் முன்னால் பார்த்தபடி இருந்தான். ஆனால் கண் ஓரத்தில் எல்லாம் தெரிந்தது.

'கிறிஸ்துராஜா' என்று எழுதினாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக. பதினொரு வருடத்தில் அவனை இறந்தவனாக ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை. கஸ்பருக்குக் கண் மறைத்தது. கடல் எடுத்த பிள்ளைக்கு ஊரில் தாய்கூடப் பெயர் சொல்லிப் பூசை கொடுக்கவில்லை. அண்ணன்காரன் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். வெகுநேரம் பென்சில் கடதாசியைத் தொட்டபடி நின்றது. சித்தப்பா என்று எழுதப் போகிறாள். எழுதிவிட்டால் மற்றச் சொல் தானாக அவனிடம் வந்துவிடும்.

'அப்பா' என்று எழுதினாள்.

மறைக்கவில்லை. கடதாசியை அவன் பக்கம் திருப்பினாள்.

"பேர் இப்ப சரிதானே?"

"ஓம்" என்றான். "பேர் சரி."

"அப்ப ஒட்டுங்கோ."

கடதாசியை மடித்துக் கவருக்குள் வைத்தான். நாக்கு வறண்டு கிடந்தது. கவர் ஒட்ட மறுத்தது. றோஸ்மலர் அதை வாங்கி, கண்ணைத் துடைத்த ஈர விரலால் ஓரத்தைத் தடவி, அழுத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

கஸ்பர் எழுந்து நடந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலைமுத்து அண்ணை வழக்கம்போல நின்றார்.

"என்ன கிறிஸ்து, தமையனுக்கோ?"

"இல்லையண்ணை. தம்பிக்கு."

"உனக்குத் தம்பியும் இருந்தவனே?"

"இருந்தவன்" என்றான் கஸ்பர். கவரைப் பெட்டிக்குள் போட்டான்.